ஆறு பேர், ஒரு ரோட்டா

இங்கிலாந்தில் கேர் வேலை செய்கிறேன் என்று ஊரில் சொன்னால், முதியோர் இல்லமா என்று கேட்பார்கள். இல்லை என்று விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, நர்ஸ் மாதிரி" என்று முடித்துவிடுவார்கள். நர்ஸும் இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் சிலர் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில், அவர்கள் எழுந்து, குளித்து, சமைத்து, சாப்பிட்டு, வெளியே போய்வரக் கூட இருந்து உதவும் வேலை. சப்போர்ட் வொர்க்கர் என்று பெயர். எனக்குச் சம்பளம் தருவது ஒரு தொண்டு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பணம் தருவது உள்ளூர் கவுன்சில், நம் ஊர் நகராட்சி மாதிரி. யாருக்காக இதெல்லாம் நடக்கிறதோ அவர் இந்த வரிசையில் எங்கே வருகிறார் என்று எங்கள் நிறுவனம் ஒரு கட்டத்தில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

வீடு தென் லண்டனில், டிராம் தடத்துக்கு அடுத்த தெருவில். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூத்த இருவர் சின்ன வயதிலேயே ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. பேச்சு சரியாக வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்பதற்காக வார்டிலேயே வளர்ந்து வார்டிலேயே வயதானவர்கள். கார்டிஃப் நகரின் ஈலி ஆஸ்பத்திரியில் நடந்த கொடுமைகளைப் பற்றி 1969இல் விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் இந்த இடங்களை மூடவேண்டும் என்ற பேச்சே அரசாங்க மட்டத்தில் வலுத்தது. பேச்சு செயலாவதற்கு இன்னும் இருபது வருடம் பிடித்தது. கென்ட்டில், டார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த டாரென்த் பார்க் 1988இல் மூடப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் மூடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

எங்கள் வீட்டு மூத்தவர் இன்னமும் தட்டை இடது கையால் வளைத்து மறைத்துக்கொண்டு, நாலு நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பார். யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று அந்த வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாகச் சொல்லியாயிற்று. (பெயர் எதையும் எழுதப்போவதில்லை. மூத்தவர், இளையவர், டிராம்காரர் என்று சொல்லிக்கொள்கிறேன். இளையவர் என்றால் சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள, நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வீட்டில் வயதில் குறைந்தவர், வாயில் அப்படி இல்லை.)

இப்போது ரோட்டாவுக்கு வருகிறேன். டூட்டி அட்டவணையை இங்கே எல்லோரும் ரோட்டா என்றுதான் சொல்வார்கள். காலை 7 முதல் 3 வரை இரண்டு பேர். மதியம் 2 முதல் இரவு 10 வரை இரண்டு பேர். இரவு முழுக்க விழித்திருக்க ஒருவர். கவுன்சில் போட்ட ஒப்பந்தம் வீட்டுக்கானது: ஆறு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அதை இங்கே பிளாக் காண்ட்ராக்ட் என்பார்கள். நிறுவனத்துக்கும் வசதி, கவுன்சிலுக்கும் வசதி.

டிராம்காரருக்கு விம்பிள்டனிலிருந்து நியூ ஆடிங்டன் வரை டிராமில் போய்த் திரும்பி வருவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. க்ராய்டன் டிராம் 2000இல் ஓட ஆரம்பித்ததிலிருந்து வண்டி எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் இருக்கும் இரண்டு ஊழியரில் ஒருவர் அவரோடு போய்விட்டால், மிச்சம் ஐந்து பேரை ஒருவர் பார்க்க வேண்டும். ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது எது ஆபத்து என்று எழுதிவைத்த மதிப்பீடு, அதை அனுமதிக்காது. ஆகவே போனால் ஆறு பேரும் போவார்கள், இல்லையென்றால் யாரும் போக மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு மினிபஸ் இருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் நீச்சல் குளம். இளையவருக்குத் தண்ணீர் பிடிக்காது. கோட்டைக் கழற்றாமல் குளத்தோரத்து பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வார அறிக்கையில் "நீச்சலில் கலந்துகொண்டார்" என்று பதிவாகும்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2011இல் பிபிசி, பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து வதைத்ததை ரகசியக் கேமராவில் பிடித்து ஒளிபரப்பியது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் அழாத ஊழியர் இல்லை. ஆனால் அடிக்காமல், திட்டாமல், பிறந்தநாளுக்கு கேக் வாங்கி, எல்லாக் கனிவோடும் ஒருவருடைய வாழ்க்கையை ரோட்டாவுக்குள் மடித்து வைத்துவிட முடியும். எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் தனித்திட்டம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் மைக்கேல் ஸ்மல் என்பவர் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. ஒருவருக்கு எது பிடித்தம், அவருக்கு எது நல்லது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி, இரண்டுக்கும் நடுவே சமநிலை தேடுவது. இங்கிலாந்தில் ஹெலன் சாண்டர்சன் போன்றவர்கள் அதைப் பரப்பி, ஒரே பக்கத்தில் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தும் வடிவத்தைப் பிரபலமாக்கினார்கள். நல்ல முறைதான். எங்கள் வீட்டு ஆபீஸ் அலமாரியில் ஆறு கோப்புகள், புகைப்படங்கள் ஒட்டி, வண்ணப் பேனாவால் எழுதி இருந்தன. இளையவர் கோப்பில் "தண்ணீர் பிடிக்காது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதே அறையில், அதே சுவரில், செவ்வாய்க்கிழமை நீச்சல் என்ற ரோட்டாவும் தொங்கியது.

வீட்டை விட்டுக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும், ஏனென்றால் அவரவருக்கான பணத்தை அவரவர் விருப்பப்படி செலவழிப்பது என்ற, எங்கள் வீட்டைப் பின்னால் மாற்றிய யோசனை எந்த நிறுவனத்தின் மூளையிலும் பிறந்ததில்லை. ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்று ஒரு இல்லம். இரண்டாம் உலகப்போர் விமானி லெனர்ட் செஷயர் 1948இல் தொடங்கியது. உடல் ஊனமுற்றவர்கள் அங்கே ஆயுள் முழுக்க இருந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் பால் ஹண்ட். அவர் 1972 செப்டம்பரில் 'கார்டியன்' நாளிதழுக்கு எழுதிய ஒரு கடிதம், இல்லங்களில் அடைபட்டவர்களுக்காக அவர்களே நடத்தும் ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டது. பிரிட்டனின் ஊனமுற்றோர் உரிமை இயக்கத்துக்கு அதுவே ஒரு தொடக்கப்புள்ளி.

அப்புறம் 1979 வாக்கில், அதே லெ கோர்ட்டில் ஜான் எவன்ஸ், ஃபிலிப் மேசன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து 'புராஜெக்ட் 81' என்று ஒரு குழு அமைத்தார்கள். 1981 ஐ.நா.வின் ஊனமுற்றோர் ஆண்டு என்பதால் அந்தப் பெயர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எங்களை இங்கே வைத்திருக்க எங்கள் ஊர்க் கவுன்சில்கள் வாராவாரம் பணம் கட்டுகின்றன, அந்தப் பணத்தில் நாங்கள் வெளியே வீடு எடுத்து, எங்களுக்கு வேண்டிய ஆளை நாங்களே வைத்துக்கொண்டால் என்ன? கவுன்சில்கள் தயாராக இருந்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனமுற்றவர் கையில் நேரடியாகக் காசு கொடுக்கக் கூடாது. ஆகவே பணம் இல்லத்துக்குப் போய், இல்லம் வழியாக அவர்களுக்கு வந்தது. அந்தச் சுற்றுவழியிலேயே முதல் ஆட்கள் வெளியேறினார்கள். நேரடிப் பணம் கொடுக்க அனுமதிக்கும் சட்டம் 1996இல் வந்தது, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்; முதியவர்களுக்கு 2000இல்தான் நீட்டித்தார்கள்.

எங்கள் வீட்டு ஆறு பேரால் ஆள் வைத்துச் சம்பளம் போட முடியாது, வங்கிக் கணக்குப் பார்க்க முடியாது. அவர்களைப் போன்றவர்களுக்கு நேரடிப் பணம் எட்டாக்கனியாகவே இருந்தது. 2003இல் தொடங்கிய இன் கன்ட்ரோல் என்ற அமைப்பும் அதன் பின்னால் இருந்த சைமன் டஃபியும் இந்த இடத்தில் முக்கியமானவர்கள். டஃபி அதற்கு முன்பே, 1990களில், கிளாஸ்கோவில் ஒரு சேவை நிறுவனத்தை நடத்தியபோது, ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட பணத்தை நிறுவனமே தனித்தனிக் கணக்காக வைத்துக்கொண்டு, அவரவர் விருப்பப்படி மட்டும் செலவழிக்கும் முறையைச் செய்து பார்த்தவர். அதற்கு இண்டிவிஜுவல் சர்வீஸ் ஃபண்ட், சுருக்கமாக ஐ.எஸ்.எஃப். புராஜெக்ட் 81காரர்கள் சட்டத்தை ஏய்க்கக் கண்டுபிடித்த அதே சுற்றுவழி, ஒழுங்கான முறையாகத் திரும்பி வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் நிறுவனமும் இதைச் செய்து பார்க்கப்போவதாக மேனேஜர் அறிவித்தபோது, ஊழியர் கூட்டத்தில் ஒரே பெருமூச்சு. இன்னொரு கோப்பு, இன்னொரு வண்ணப் பேனா. கானாவிலிருந்து வந்த என் சகா ஒருவர், இருபது வருட அனுபவசாலி, கூட்டம் முடிவதற்குள் இரண்டு முறை டீ போட எழுந்துபோனார்.

ஆனால் இந்த முறை மேனேஜர் பேனாவோடு வரவில்லை, கணக்கோடு வந்தார். கவுன்சில் தரும் மொத்தத் தொகையை ஆறு பேருக்கும் பிரித்தாக வேண்டும் என்றார். சமமாக ஆறில் ஒரு பங்கு என்று போட்டுவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். கூடாது, ஒவ்வொருவரின் தேவையையும் வைத்துத்தான் என்றார். நிறுவனத்தின் நிதிப் பிரிவில் அதுவரை ஒருவர் பெயரிலும் தனிக்கணக்கே கிடையாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாடகைக்குக் கணக்கு இருந்தது, மினிபஸ் டீசலுக்குக் கணக்கு இருந்தது, மனிதருக்கு இல்லை. பிரித்து முடிக்கவே மாதங்கள் ஆயின.

கடைசியில் வந்தது இரண்டு பகுதி. இரவுப் பாதுகாப்பு, அவசர உதவி, நிர்வாகம் ஆகியவை எல்லோரும் பகிர்ந்துகொள்வது. மிச்சம் அவரவர் சொந்த மணி நேரம். இளையவருக்கு வாரத்துக்கு 16 மணி, டிராம்காரருக்கு 19, மூத்தவருக்குக் குளியல், உடை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் என்பதால் இன்னும் கூடுதல். இந்தத் தாள் கையில் வந்ததும் கூட்டத்தின் தொனியே மாறிவிட்டது. செவ்வாய் நீச்சலில் இளையவர் பெஞ்சில் உட்கார்ந்த நேரம் அவருடைய 16 மணியிலிருந்து போகிறது என்பது இப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. பல வருடமாக ஒரு மனக்கசப்பாக மட்டும் இருந்தது, கணக்கில் வந்ததும் நஷ்டமாகத் தெரிந்தது.

அவரிடம் போய்க் கேட்டோம்: செவ்வாய்க்கிழமை அந்த நேரம் உங்களுடையது, என்ன செய்ய விருப்பம்? நாங்கள் எதிர்பார்த்தது ஏதாவது பெரிய கனவு. பயிற்சி வகுப்புகளில் காட்டும் வீடியோக்களில் எல்லோரும் பாரசூட்டில் குதிப்பார்கள், பாண்டு வாத்தியம் வாசிப்பார்கள். இவர் யோசிக்காமல் சொன்னார்: "தூங்குவேன்."

அப்படியே வாரக்கணக்கில் தூங்கினார். உடனிருக்கும் ஊழியருக்குச் சங்கடம். என்னவென்று அறிக்கை எழுதுவது? இந்தக் கட்டத்தில் பல நிறுவனங்கள் பொறுமை இழந்து, தாங்களே ஒரு விருப்பத்தைத் தயாரித்து அவர் வாயில் வைத்துவிடும். எங்கள் மேனேஜர் கைவைக்காமல் விட்டது பெரிய விஷயம். தூங்கி அலுத்த பிறகு ஒரு நாள் அவரே, தலைமுடி வெட்டிக்கொள்ளும் சலூனில் தரையைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணைக் காட்டி, எனக்கும் அந்த வேலை வேண்டும் என்றார். சனிக்கிழமை இரண்டு மணி நேரம். சலூன்காரர் சரி என்றார்.

யார் கூடப் போவது என்பதற்கு நேர்முகத் தேர்வு. அதில் இளையவரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். வந்தவர்களிடம் அவர் கேட்டது இரண்டே கேள்வி. சிகரெட் பிடிப்பீர்களா? நான் செய்வதையெல்லாம் என் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்வீர்களா? இரண்டாவது கேள்விக்கு ஒருவர் மிக அழகாக, தகவல் பகிர்வுக் கொள்கையை மேற்கோள் காட்டிப் பதில் சொன்னார். அவரை இளையவர் எடுக்கவில்லை.

மூத்தவர் விஷயம் வேறு. அவர் அதிகம் பேச மாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கவனித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவரை ஏன் இரவு 10 மணிக்குப் படுக்கவைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு போனபோது, கிடைத்த ஒரே காரணம் 10 மணிக்கு எங்கள் ஷிஃப்ட் மாறுகிறது என்பது. ஏன் காலை 7 மணிக்கு எழுப்புகிறோம்? ஒருகாலத்தில் டே சென்டர், அதாவது பகல்நேர மையத்தின் பஸ் 9 மணிக்கு வரும். டே சென்டர் மூடி வருடங்கள் ஆகியிருந்தன. சரி, விட்டுப் பார்ப்போம் என்று விட்டோம். இரவு ஒரு மணி வரை ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். காலை பத்தரைக்கு எழுந்தார். சட்டை மாற்றும்போது தினமும் நடக்கும் இழுபறி, அதைச் "சவாலான நடத்தை" என்று கோப்பில் எழுதி ஒரு நிபுணரையும் வரவழைத்திருந்தோம், அது பெரும்பாலும் நின்றது. தூக்கம் கலைந்த மனிதரின் கோபம், அவ்வளவுதான். தட்டை மறைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

டிராம்காரருக்கு நான் அமைந்தேன். இரண்டு மணி நேரம் பேசாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் பிடிக்கும். இதையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். எனக்கு முன்னால் போன இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்களாம்.

வலிப்பு நோய் உள்ள ஒருவரும் வீட்டில் உண்டு. அவர் கேட்டது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தொட்டியில் குளிக்க வேண்டும் என்பது. இங்கேதான் இந்த முறையின் நல்ல வார்த்தைகள் எல்லாம் தடுமாறும். 2005ஆம் ஆண்டு மன ஆற்றல் சட்டம், ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமானதில்லை என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது. இன்னொரு பக்கம், 2013 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிகிச்சைப் பிரிவில், வலிப்பு நோய் இருந்த கானர் ஸ்பாரோஹாக் என்ற 18 வயது இளைஞர் கண்காணிப்பில்லாமல் தொட்டியில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். நடந்தது அலட்சியம் என்று பின்னர் ஜூரி தீர்மானித்தது. அந்தச் செய்தியைப் படித்த எந்த சப்போர்ட் வொர்க்கரும் சாத்திய கதவுக்கு வெளியே நிம்மதியாக நிற்க முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது பேரம். தொட்டி வேண்டாம், ஷவர். கதவு பூட்டாமல் சாத்தியிருக்கும். வெளியே ஒருவர், உள்ளே எட்டிப்பார்க்காமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அரை திருப்தி, எங்களுக்கு அரை பயம். அவரவர் விருப்பப்படி ஆதரவு என்பதை ஆளைத் தனியே விட்டுவிடுவது என்று புரிந்துகொண்ட மேனேஜர்களையும் பார்த்திருக்கிறேன். அது செலவு குறையும் வழி என்பதால் மேலிடத்தில் பெயரும் வாங்குவார்கள்.

செலவு என்றதும் இரவுக்கு வரவேண்டும். சொந்த மணி நேரங்களுக்குப் பணம் எங்கிருந்தோ வரவேண்டும். அது இரவிலிருந்து வந்தது. விழித்திருக்கும் ஆளுக்குப் பதில் ஸ்லீப்-இன்: ஊழியர் வீட்டிலேயே ஓர் அறையில் தூங்குவார், தேவைப்பட்டால் எழுப்புவார்கள். வலிப்புக்காரரின் மெத்தைக்கடியில் ஒரு சென்சார். ஆறு பேரில் ஐந்து பேர் இரவெல்லாம் நன்றாகத் தூங்குபவர்கள். ஒருவர் விழித்திருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கும் நல்லதில்லை என்று வாதிட முடியும், நானே வாதிட்டேன். பகலில் அந்தப் பணம் சலூனாகவும் டிராமாகவும் மாறியது உண்மை.

ஆனால் அந்த இரவு வேலையில் ஒரு ஜிம்பாப்வே பெண்மணி இருந்தார். தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்ப்பவர். காலையில் வீடு திரும்பி அவர்களைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தூங்க வசதி என்பதற்காகவே வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தவர். ஸ்லீப்-இன் வேலைக்கு மணிக்கூலி கிடையாது, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகைதான். தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச்சில், விழித்து வேலை செய்யும் நேரத்துக்குத்தான் உண்டு என்று தீர்ப்பானது. அவர் அதற்கு வெகு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். எங்களுக்கும் எட்டு மணி நேர ஷிஃப்ட் துண்டாகியது. மனிதர்கள் வாழ விரும்பும் நேரம் மாலையும் சனிக்கிழமையும். ஊழியர்கள் வீட்டில் இருக்க விரும்பும் நேரமும் அதுதான். காலையில் மூன்று மணி நேரம், நடுவே சும்மா, மறுபடி மாலையில் நாலு மணி நேரம் என்று ஆனபோது சிலர் விலகினார்கள். 2022 பிப்ரவரியில் கேர் வேலைக்கு வெளிநாட்டு விசா திறந்ததும் கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் அந்தத் துண்டு ஷிஃப்டுகளைச் சுமந்தார்கள். விசா முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் அவர்களால் முணுமுணுக்கத்தான் முடிந்தது. 2025 ஜூலையில் அந்த வழியும் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு மூடப்பட்டது. ஒருவருக்குத் தேர்வு கிடைப்பதற்கு இன்னொருவர் தன் மாலையைக் கொடுக்கிறார் என்பதைக் கருத்தரங்குகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கவுன்சில் பக்கம் கதை இன்னும் மோசம். 2010க்குப் பிறகு மத்திய அரசு நிதியை வெட்ட, கவுன்சில்கள் கேர் பட்ஜெட்டைக் குறைக்க வழி தேடின. மொத்தமாக இருந்த பணம் ஆள் ஆளாகப் பிரிந்திருந்தது அவர்களுக்கும் வசதியாகிவிட்டது. ஒரு கேள்வித்தாள், பதிலுக்குப் புள்ளிகள், புள்ளிக்கு இத்தனை பவுண்டு. புள்ளியின் விலையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், யார் முகத்தையும் பார்க்காமல் எல்லோர் பணமும் குறையும். டிராம்காரர் குளிர்காலத்தில் மணி நேரங்களைச் சேமித்து, கோடையில் பிளாக்பூல் போய் அங்கத்திய பழைய டிராம்களைப் பார்க்கத் திட்டமிட்டிருந்தார். மறுமதிப்பீட்டுக்கு வந்தவர் செலவாகாத மணி நேரங்களைப் பார்த்துவிட்டு, இவருக்கு இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறதே என்றார். சேமிப்பு உபரியாகி, உபரி திரும்பப் பிடிக்கப்பட்டது. மேனேஜர் சண்டை போட்டுப் பாதியை மீட்டார். பிளாக்பூலும் பாதியானது.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்துமா என்று இங்கே ஆரம்பத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 2005 முதல் 2007 வரை 13 கவுன்சில்களில், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பணம் என்று ஒதுக்கும் தனிநபர் பட்ஜெட் சோதனை நடந்தது. 2008இல் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருப்பதாக உணர்ந்தவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் முதியவர்கள் மட்டும், வழக்கமான சேவை பெற்றவர்களைவிட, மனநலம் குறைந்தவர்களாக இருந்தார்கள். பணத்தை நிர்வகிக்கும் பாரமும் கவலையும் அவர்களை அழுத்தியது. 2014ஆம் ஆண்டு கேர் சட்டம் எல்லோருக்கும் தனிநபர் பட்ஜெட் என்று ஆக்கியபோதும் அந்தப் பாரம் எங்கேயும் போய்விடவில்லை.

அதை நான் வேலை செய்யும் வீட்டில் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் பார்த்தேன். வடமேற்கு லண்டனில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய், ஒரு பக்கம் கை விளங்காது. ஏஜென்சி ஆட்கள் வருவார்கள். முதலில் ஒருவர் எட்டரைக்கு வந்து காலைச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார், பதினொன்றரைக்கு இன்னொருவர் வந்து குளிக்கவைப்பார். அம்மா காலையில் சாப்பிடவே மாட்டார். ஆகவே மாத்திரையும் போகாது. சாப்பாட்டை மறுக்கிறார், ஞாபக மறதி நோயாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று ஏஜென்சி எழுதிவைத்தது. நான் போயிருந்தபோது கேட்டேன். "குளிக்காமல், சாமி கும்பிடாமல் எப்பிடித் தம்பி சாப்பிடுறது?" என்றார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு வரவையும் முன்பின்னாக மாற்றவேண்டும். ஏஜென்சியால் முடியவில்லை, காலை எட்டரைக்கு எல்லாக் கிழவிகளுக்கும் சாப்பாடு, குளியலுக்கு அப்போது ஆள் கிடையாது.

நேரடிப் பணம் வாங்கச் சொன்னேன். மகன், தன் மனைவிக்கே அதைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அந்தப் பெண் ஏற்கெனவே பாதி வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தவர், கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவுக்கு, கவுன்சில் அவசியம் என்று ஏற்றாலொழிய, அந்தப் பணத்தில் சம்பளம் தரக் கூடாது. மருமகளும் அதில் அடக்கம். வெளி ஆளை வைத்தால் அம்மாதான் முதலாளி. சம்பளச் சீட்டு, வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை, காப்பீடு, பென்ஷன் கடிதங்கள். மகன் பயந்துவிட்டார். நிறுவனமே பணத்தை வைத்துக்கொண்டு, அம்மா சொல்கிறபடி செய்யும் ஐ.எஸ்.எஃப்தான் அவருக்குப் பொருத்தம். அது சட்டத்தின் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய கவுன்சிலில் அதற்கு ஆள் இல்லை, கேட்டபோது போனை எடுத்தவருக்கு அந்தச் சொல்லே புதிது. ஸ்காட்லாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில் அதையும் ஒரு தேர்வாக முன்வைத்தாக வேண்டும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் சம்பளக் கணக்கைப் பார்க்க ஒரு பேரோல் நிறுவனத்தை அமர்த்தி, நேரடிப் பணமே வாங்கினார்கள். தெரு தள்ளி வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண் ஏழரைக்கு வருகிறார். குளியல், விளக்கு, இடியப்பம், மாத்திரை, இந்த வரிசையில். ஞாபக மறதிப் பரிசோதனை பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. போன மாதம் அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தார். மூன்று வாரம் மருமகள் பார்த்துக்கொண்டார், அந்த மூன்று வாரப் பணம் கணக்கிலேயே கிடந்தது. செலவாகாத தொகையைத் திருப்பித் தரும்படி கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது விடுமுறைச் சம்பளத்துக்கும், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மாற்று ஆளுக்கும் ஒதுக்கியது என்று மகனும் நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.